நாற்பது கிலோ

செம்பனை எடைமேடை பொய் சொல்கிறதென்று
கோல கெட்டிலிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள்.
லோரி ஏறினால் நாலாயிரத்து முந்நூறு.
டிரைவர் கதவைச் சாத்தினால்
நாலாயிரத்து இருநூற்று அறுபது.
நாற்பது கிலோ கதவோடு சேர்ந்து
சாத்திக்கொள்கிறது.

நான் போவதற்குள் ஒரு நாற்காலி உடைந்திருந்தது.
லோரிக்கார ஆரோக்கியம் கிராணி ஹஸ்னாவைத்
திருடி என்றிருக்கிறார், மூன்று மொழியில்.
அவள் ரசீதுக் கட்டை அவர் நெஞ்சில் எறிந்திருக்கிறாள்.
அதற்கு மொழி தேவைப்படவில்லை.

மேடைக்கடியில் குனிந்து பெட்டியைத் திறந்தேன்.
முதலில் எறும்புகள் வந்தன,
முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல்.
அப்புறம் நாலு ஒயர். அப்புறம் கனெக்டர்.
மூன்றாவது பின்னில் மட்டும்
கண்மை போல ஒரு கறுப்புத் தூள்.

ஒன்பது வருஷம் சுங்கைப்பட்டாணி கம்பனியில்
எனக்கு வேலையே சொருகுவதும் பிடுங்குவதும்தான்.
எத்தனை தடவையில் சாகும் என்று எண்ணி எழுதும் மேசை.
தட்டைக் கேபிள் இருபதிலேயே தளர்ந்துவிடும்.
சார்ஜர் வாய் ஆயிரத்தைந்நூறு தாண்டியும் கடிக்கும்.
மெஷின் படுத்த நாட்களில் கையாலேயே செய்தோம்.
அந்த மாதக் கடைசியில்
வாசலில் இருந்த விரல்ரேகைப் பெட்டி
காலை ஷிப்டுக்கு வந்த என்னை
யாரென்று கேட்டது.

அங்கே ஒரு சூப்பர்வைசர் பூதக்கண்ணாடியில் காட்டினான்:
இரண்டு உலோகம் முழுசாகத் தொட்டுக்கொள்வதே இல்லை.
இங்கே ஒரு மேடு, அங்கே ஒரு மேடு,
முட்டிக்கொள்ளும் நாலைந்து முனைகள்தான்.
ஆற்று வெள்ளத்தைக் கல் கல்லாகத் தாண்டுகிற ஆள் மாதிரி
மின்சாரம் அதில் கால் வைத்துத்தான் போகிறது.
சொருகும்போது எழுகிற உரசல்
களிம்பைத் துடைக்கும்.
தங்கப் பூச்சிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.
கூலி வாங்காமல் துடைக்கிற உரசலை
இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் இந்தப் பின்னை யாரும் பிடுங்கியதே இல்லை.
பதினோரு வருஷம், பூட்டிய பெட்டிக்குள்,
போட்டது போட்டபடி.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
ஒரு லோரி வந்தது. மேடை அதிர்ந்தது.
குலைகளை இறக்கிவிட்டுப் போனது. மறுபடி அதிர்ந்தது.
உச்சி வெயிலில் இரும்பு நீண்டிருக்கும்,
நாலு மணி மழையில் சுருங்கியிருக்கும்.
தலைமுடித் தடிப்பில் பாதி அசைவு.
அந்தப் பக்கம். இந்தப் பக்கம்.
விட்டு விலகியதுமில்லை, அசையாமல் நின்றதுமில்லை.
பிடித்த பிடியிலேயே தேய்ந்திருக்கிறது,
தேய்ந்த தூளைத் தானே
நடுவில் சேர்த்து வைத்திருக்கிறது.

ஒயரைப் பிடித்து இழுக்கவில்லை.
தாழை நகத்தால் நெம்பி, தலையைப் பிடித்துக் கழற்றினேன்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினேன்.
போட்டேன், எடுத்தேன், ஐந்து தடவை.
தூள் போன இடத்தில் நிக்கல் வெளுப்பு,
ஒரு ஓரத்தில் செம்பே தெரிந்தது.

"கதவைச் சாத்துங்க" என்றேன்.
ஆரோக்கியம் வேண்டுமென்றே அறைந்து சாத்தினார்.
எண் நகரவில்லை.
ஹஸ்னா எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப போன நாப்பது கிலோ?"

"குறைச்சும் காட்டியிருக்கும், கூட்டியும் காட்டியிருக்கும்.
பழைய ரசீதெல்லாம் எடுத்தா
ரெண்டையும் கணக்குப் பாக்கலாம்."

அவர் லோரியை ஸ்டார்ட் செய்தார்.

ஷபிகுல் உடைந்த நாற்காலிக்காலைக்
கட்டுக்கம்பியால் சுற்றிக்கொண்டிருந்தான்.
புதுக் கனெக்டர் வியாழக்கிழமைதான் வரும்;
அதுவரை தாங்கும் என்றேன்,
நாற்காலியையா என்று கேட்டான்.

பில்லைப் பார்த்த தவ்கே கண்ணாடியை ஏற்றினார்:
கழற்றி மாட்டினதுக்கு எண்பது ரிங்கிட்டா?
ஐந்து தடவை, என்றேன்.

பணம் வந்ததா என்று பார்க்கப் போனை எடுத்தேன்.
அது என் கட்டைவிரலை நம்பவில்லை.
பாவாடை ஓரத்தில் துடைத்துவிட்டு
இன்னொரு தடவை வைத்தேன்.